சுத்தியலும் மைதானமும்: கிழக்கு இலண்டனில் உழைப்பு, நிலம், நினைவு பற்றிய சில குறிப்புகள்

மக்கள் தமது ஓய்வு நேரத்திலே என்ன செய்தார்கள் என்பதை, அவர்கள் வேலை நேரத்திலே என்ன செய்தார்கள் என்பதினின்றும் பிரித்து நோக்குதல் இயலாது. பண்பாட்டு வரலாறு எழுதப் புகுவோர் கவிதை, நாடகம், ஓவியம் ஆகியவற்றை இவ்வகையில் ஆராய்வதற்கு ஓரளவு பழகிவிட்டனர். ஆயின் விளையாட்டு, அதிலும் இலட்சக்கணக்கான தொழிலாளர் சனிக்கிழமை பிற்பகல்களில் கூடிநின்று பார்த்த உதைபந்தாட்டம், வெறும் பொழுதுபோக்கு என்ற தலைப்பின்கீழ் ஒதுக்கப்படுவதே பெருவழக்கு. இங்கிலாந்தின் உதைபந்தாட்டக் கழகங்கள் பலவற்றின் தோற்றம் கைத்தொழிற் புரட்சி உருவாக்கிய ஆலைகளோடும் புகையிரதத் தொழிற்றலங்களோடும் பிணைந்தது. அவ்வாலைகள் மறைந்த பின்னரும் கழகங்கள் நிலைத்துள்ளன. அடித்தளம் அழிந்த பின் மேற்கட்டுமானத்தின் ஒரு கூறு எஞ்சி நிற்கும்போது அதற்கு யார் உரிமை கோருவர் என்பது சுவையான ஒரு வினா. இக்கட்டுரை அவ்வினாவை வெஸ்ற் ஹாம் யுனைற்றெட் என்ற ஒரேயொரு கழகத்தின் வரலாற்றை வைத்துக்கொண்டு நோக்க முயல்கிறது.

இக்கழகம் 1904 முதல் 2016 வரை, நூற்றுப்பன்னிரண்டு ஆண்டுகள், கிழக்கு இலண்டனின் அப்ரன் பார்க் பகுதியிலுள்ள போலின் மைதானத்தில் விளையாடியது. 2016 மே 10ஆம் திகதி மான்செஸ்ரர் யுனைற்றெட் கழகத்தை 3-2 என்ற கணக்கில் வென்றதோடு அம்மைதானத்தின் கதை முடிந்தது. அடுத்த பருவத்திலிருந்து, 2012 ஒலிம்பிக் போட்டிகளுக்காக ஸ்ராற்போட்டிலே கட்டப்பட்ட பெரிய அரங்கு அதன் இருப்பிடமாயிற்று. இடமாற்றத்துக்கு முன்னரும் பின்னரும் இரசிகரிடையே நிகழ்ந்த விவாதம் கூர்ந்து கவனிக்கத்தக்கது. பெரிய அரங்கு, பெரிய வருமானம், பெரிய வெற்றி என்று ஒரு சாரார் வாதிட்டனர். நாம் இரும்பாலைத் தொழிலாளரின் வழிவந்தவர்கள், இம்மண்ணை விட்டால் நாம் யார் என்று மறுசாரார் கேட்டனர். முன்னையோரை நடைமுறைவாதிகள் என்றும் பின்னையோரைப் பழமை பேசுவோர் என்றும் வகுத்து அமைந்துவிடுவது எளிது. அவ்வாறு வகுப்பதினால், ‘நாம்’ என்ற சொல்லுக்கு நிலத்தின்மீது என்ன உரிமை இருந்தது என்ற வினா மறைந்துபோகின்றது. அவ்வினாவுக்கு விடை தேட நாம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குச் செல்லவேண்டும்.

தேம்ஸ் நதியோடு வந்து கலக்கும் லீ என்ற சிற்றாறு அக்காலத்தில் இலண்டனின் நிருவாக எல்லையாக அமைந்தது. 1844இல் நிறைவேற்றப்பட்ட தலைநகரக் கட்டடச் சட்டம் நாற்றமும் நஞ்சும் பரப்பும் தொழில்களை நகரெல்லைக்குள்ளே கட்டுப்படுத்தியது. முதலாளிகள் ஆற்றைக் கடந்தனர். லீ ஆற்றின் கிழக்கே, எசெக்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த சதுப்பு நிலங்களில், இரசாயன ஆலைகளும் எலும்பு, கொழுப்பு, தார் முதலியவற்றைக் காய்ச்சும் கொட்டில்களும் நிறைந்தன. 1855இல் விக்ரோரியா துறையும் 1880இல் அல்பேட் துறையும் திறக்கப்பட்டன. பெக்ரனிலே 1870இல் மாபெரும் எரிவாயு ஆலை எழுந்தது. சில்வர்ரவுணிலே சீனிச் சுத்திகரிப்பு ஆலையும், கடலடித் தந்திக் கம்பிகளைச் செய்யும் இரப்பர் ஆலையும் இயங்கின. அக்கம்பிகளைப் போர்த்த ‘கட்டாபேர்ச்சா’ என்னும் மரப்பிசின் மலாயக் காடுகளிலிருந்து வந்தது. கரும்பு, சணல், தேயிலை என்று குடியேற்ற நாடுகளின் உழைப்பெல்லாம் மூட்டைகளாகவும் பெட்டிகளாகவும் இலண்டன் துறைகளில் இறங்கின. எமது மலைநாட்டுத் தோட்டங்களில் கொழுந்து கொய்த பெண்ணும் தேம்ஸ் கரையில் சுமை இறக்கிய கூலியாளும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே மூலதனச் சுற்றின் இரு முனைகளில் நின்றனர் எனலாம்.

இப்பகுதியிலே இயங்கிய நிறுவனங்களுள் ஒன்றுதான் தேம்ஸ் இரும்பாலை, கப்பல் கட்டும் கம்பனி. லீ ஆறு தேம்ஸில் விழும் முகத்துவாரத்தில் அது அமைந்திருந்தது. பிரித்தானியக் கடற்படையின் முதலாவது இரும்புடற் கவசப் போர்க்கப்பலான ‘வொரியர்’ 1860 டிசெம்பரில் இங்கிருந்தே நீரில் இறக்கப்பட்டது. இரும்புக் கப்பல் கட்டுதல் என்பது பெரும்பாலும் தறையாணி அடித்தலே. பழுக்கக் காய்ச்சிய ஆணியை ஒருவன் தகட்டின் துளையிற் செருகிப் பின்புறத்தில் முட்டுக்கொடுக்க, மறுபுறத்தில் இருவர் மாறிமாறிச் சுத்தியலால் அடித்து அதன் தலையைப் பரப்புவர். கழகத்தின் சின்னத்திலே இன்றும் குறுக்கிட்டுக் கிடக்கும் இரு சுத்தியல்களும் இவ்வகைத் தறையாணிச் சுத்தியல்களே. அச்சின்னத்தை ஏதோ வீரமரபுக் குறியீடாகக் கொள்வோர், அது ஒரு தொழிற் கருவி என்பதையும், காதைச் செவிடாக்கும் ஓசையினிடையே நாள் முழுதும் அதனை ஓங்கிய கைகள் இருந்தன என்பதையும் மறந்துவிடுகின்றனர்.

1889ஆம் ஆண்டு கிழக்கு இலண்டனின் வரலாற்றில் ஒரு திருப்புமுனை. முந்திய ஆண்டிலே, லீ ஆற்றின் மேற்குக் கரைக்கு அண்மையிலுள்ள போ பகுதியில், பிறையன்ற் அன்ட் மே தீக்குச்சி ஆலையின் பெண் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து வெற்றி கண்டிருந்தனர். 1889இல் பெக்ரன் எரிவாயுத் தொழிலாளர் வில் தோணின் தலைமையில் சங்கம் அமைத்து எட்டுமணி நேர வேலைநாளைப் பெற்றனர். எழுத்தறிவு குறைந்த தொழிலாளியான தோணுக்கு எழுதவும் படிக்கவும் துணைநின்றவர் கார்ல் மார்க்ஸின் மகள் எலினோர். அவ்வாண்டின் ஓகஸ்ற், செப்ரெம்பர் மாதங்களில் நிகழ்ந்த துறைமுகத் தொழிலாளரின் பெரும் வேலைநிறுத்தம் மணிக்கு ஆறு பென்ஸ் கூலியை ஈட்டித் தந்தது. எல்லாப் போராட்டமும் வென்றதென்று கூறுதற்கில்லை. எலினோர் மார்க்ஸ் முன்னின்று உழைத்த சில்வர்ரவுண் இரப்பர் ஆலை வேலைநிறுத்தம் வாரக்கணக்கில் நீடித்துத் தோல்வியில் முடிந்தது. எனினும் நுண்தொழில் அறியாத சாதாரணக் கூலியாளும் சங்கமாகத் திரளலாம் என்பது நிறுவப்பட்டுவிட்டது. 1892இல் வெஸ்ற் ஹாமின் தென்தொகுதி கீர் ஹாடியைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1898இல் பிரித்தானியாவிலேயே முதன்முறையாகத் தொழிலாளர் குழுவொன்றின் ஆட்சியின்கீழ் வந்த நகரசபை வெஸ்ற் ஹாம் சபையே.

இப்பின்னணியிலே வைத்துத்தான் ஆர்னல்ட் ஹில்ஸ் என்பவரை நாம் நோக்கவேண்டும். 1857இற் பிறந்த ஹில்ஸ், ஹறோ பாடசாலையிலும் ஒக்ஸ்போட்டிலும் பயின்றவர்; 1879இல் ஸ்கொட்லாந்துக்கெதிராக இங்கிலாந்து அணியில் ஒருமுறை உதைபந்தாடியவர். 1880இல் இரும்பாலையின் பணிப்பாளர் சபையிற் சேர்ந்து பின்னர் அதன் தலைவராயினார். மது அருந்தாதவர், புலால் உண்ணாதவர், தொழிலாளர் வாழ்ந்த பகுதியிலேயே சில ஆண்டுகள் குடியிருந்தவர். அவருடைய நல்லெண்ணத்தை ஐயுறுதல் தேவையற்றது. ஆனால் அந்நல்லெண்ணம் எத்தகைய அதிகார உறவினுள்ளே இயங்கியது என்பதே ஆராயத்தக்கது.

எமது வாசகருக்கு இவர் முற்றிலும் அந்நியர் அல்லர். காந்தியடிகள் இலண்டனில் சட்டம் பயின்ற காலத்தில் அங்கம் வகித்த தாவர உணவுச் சங்கத்தின் தலைவர் இந்த ஹில்ஸ்தான். கருத்தடையை ஆதரித்த வைத்தியர் அலின்சனைச் சங்கத்தினின்றும் நீக்கவேண்டுமென ஹில்ஸ் விரும்பினார். அலின்சனின் கொள்கை காந்திக்கும் உடன்பாடில்லை. ஆயினும், புலால் மறுத்தலை நோக்கமாகக்கொண்ட சங்கமொன்று வேறோர் ஒழுக்க அளவுகோலால் ஒருவரை வெளியேற்றுவது முறையன்று என்று எழுதிவந்து, தாமே வாசிக்கக் கூச்சப்பட்டு, வேறொருவரைக்கொண்டு வாசிப்பித்தார். காந்தியின் பக்கம் தோற்றது. அச்சங்கம் பெரிதும் ஹில்ஸின் பணத்திலேயே நடந்தது என்பதையும் சத்திய சோதனையில் காந்தி குறிப்பிடத் தவறவில்லை. பணம் கொடுத்தவர் ஒழுக்கத்தையும் வகுத்தார். இரும்பாலையில் நடந்ததும் ஏறத்தாழ இதுவே.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இரும்பாலையிலும் அடுத்தடுத்து வேலைநிறுத்தங்கள் நிகழ்ந்தன. ஹில்ஸ் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் வெறும் அடக்குமுறையால் நெடுநாள் ஆலை நடத்தமுடியாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். இலாபத்தில் ஒரு பகுதியைத் தொழிலாளருக்குப் பகிர்ந்தளிக்கும் திட்டத்தை 1892இல் அறிமுகப்படுத்தினார். 1894இல் நாற்பத்தெட்டு மணிநேர வேலைவாரத்தை ஏற்றார். மதுவிலக்குச் சங்கம், வாத்தியக் குழு, துவிச்சக்கர வண்டிக் கழகம், கிரிக்கெற் கழகம் எனப் பல தோன்றின. ஆலையின் சொந்தச் சஞ்சிகையொன்றும் வெளிவந்தது. 1895இன் கோடையில் அச்சஞ்சிகை வாயிலாகவே உதைபந்தாட்டக் கழகம் அமைக்கும் அறிவித்தல் வெளியாயிற்று. இரண்டரை ஷில்லிங் சந்தாக் கட்டணம். அவ்வாறு பிறந்ததே தேம்ஸ் அயர்ன்வேக்ஸ் கழகம். ‘அயர்ன்ஸ்’ என்று இரசிகர் இன்றும் எழுப்பும் குரல் அப்பெயரின் எச்சம்.

ஆகவே ‘தொழிலாளர் உருவாக்கிய கழகம்’ என்று இரசிகர் பெருமையோடு கூறும்போது வரலாற்றாசிரியன் சற்றுத் தயங்கவேண்டியுள்ளது. வர்க்கப் பகையைத் தணிப்பதற்கு முதலாளி வகுத்த பல வழிகளுள் ஒன்றாகவே அது பிறந்தது. இக்கழகத்தின் சமூக வரலாற்றை 1986இல் நூலாக எழுதிய சார்ள்ஸ் கோர் இவ்வுண்மையை விரிவாகக் காட்டியுள்ளார். அதே வேளை, முதலாளியின் கருவி என்று கூறி அமைந்துவிடும் இயந்திரப் பாங்கான மார்க்ஸியமும் எமக்கு உதவாது. ஒரு நிறுவனம் எதற்காகத் தோற்றுவிக்கப்பட்டது என்பதும் மக்கள் அதனை என்னவாக ஆக்கிக்கொண்டனர் என்பதும் வேறுவேறானவை. கோயிற் கூத்துக்கள், தோட்டத்துக் காமன் கூத்து முதலியவற்றை ஆராய்ந்தோர் இதனை நன்கு அறிவர்.

1897இல், விக்ரோரியா மகாராணியின் வைரவிழாவையொட்டி, ஹில்ஸ் தம் செலவிலே ‘நினைவு மைதானம்’ என்ற பெரிய விளையாட்டுத் திடலைத் திறந்துவைத்தார். அதே ஆண்டில் எந்திரவியற் தொழிலாளருக்கும் முதலாளிகளுக்குமிடையே எட்டுமணி நேரக் கோரிக்கையின்மேல் நாடளாவிய கதவடைப்பு ஏற்பட்டமை தற்செயல் ஒற்றுமை அன்று என்று கூறமாட்டேன். ஆனால் இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துப் படிப்பது பயனுடையது. அடுத்த ஆண்டு யூன் 21ஆம் திகதி, ‘அல்பியன்’ போர்க்கப்பல் நீரில் இறக்கப்பட்டபோது எழுந்த அலை, மக்கள் ஏறிநின்ற ஒரு மரப் பாலத்தை அடித்து வீழ்த்தியது. முப்பதுக்கு மேற்பட்டோர் மூழ்கி இறந்தனர். அவர்களுட் பலர் தொழிலாளரின் மனைவியரும் குழந்தைகளும். அரச குடும்பத்தினரின் முன்னிலையில் நிகழ்ந்த விழா அது. கழகத்தின் இரும்பாலைப் பழமையைக் கொண்டாடும் படங்களில் ‘வொரியர்’ கப்பல் இடம்பெறுமளவுக்கு இந்நிகழ்வு இடம்பெறுவதில்லை.

ஹில்ஸ் விளையாட்டு விளையாட்டாகவே இருக்கவேண்டும் என்ற கொள்கையினர். கூலிக்கு ஆடுவதை அவர் வெறுத்தார். பரம்பரைச் சொத்துள்ளவன் கூலியின்றி விளையாடலாம். ஆணியடிப்பவன் ஒரு சனிக்கிழமை வேலையை இழந்தால் அவனுக்கு அரைநாட் கூலி போய்விடும் என்பதை அக்கொள்கை கருத்திற் கொள்வதில்லை. வெல்லவேண்டுமாயின் ஊதியம் பெறும் ஆட்டக்காரர் தேவை என்ற நிலை வந்தபோது, 1900 யூனில் ஆலைக் கழகம் கலைக்கப்பட்டு, யூலையில் வெஸ்ற் ஹாம் யுனைற்றெட் என்ற வரையறுத்த கம்பனி தோன்றியது. பங்கொன்றின் விலை பத்து ஷில்லிங். ஆலையோடான பிணைப்பு அறுந்தது. அதனிடத்தைப் பங்குடைமை பெற்றது. வாயிலிற் பணம் கொடுத்து உள்நுழைந்த ஆயிரக்கணக்கானோர் சட்டத்தின் கண்ணில் உறுப்பினரல்லர், வாடிக்கையாளரே. நூறாண்டுக்குப் பின் எழுந்த பிணக்கின் வேர் இங்கேதான் உள்ளது.

1904இல் கழகம் நினைவு மைதானத்தை விட்டு நீங்கிப் போலின் மைதானத்தைக் குத்தகைக்கு எடுத்தது. அங்கு நடந்த முதலாவது ஆட்டத்தில் தேம்ஸின் வளைவிலிருந்த மில்வோல் கழகத்தை 3-0 என வென்றது. மில்வோலும் ஓர் ஆலைக் கழகமே. 1885இல் மோற்றன் பழப்பாகு ஆலைத் தொழிலாளர் அமைத்தது. 1911இல் ‘தண்டரர்’ என்ற போர்க்கப்பலை இறக்கியதோடு இரும்பாலையின் காலம் முடிந்தது. நிலக்கரியும் உருக்கும் அண்மையிற் கிடைத்த வடபுலத்துத் தளங்களோடு அதனாற் போட்டியிட முடியவில்லை. 1912 டிசெம்பரில் அது மூடப்பட்டது. கழகம் தன்னைப் பெற்ற ஆலையை இழந்து வளர்ந்த பிள்ளையாயிற்று. அதன் பின்னரே, அதாவது ஆலையின் கட்டுப்பாடும் ஆலையின் ஆதரவும் இரண்டும் அற்ற நிலையிலேதான், துறைமுகத் தொழிலாளரும் சீனியாலைப் பெண்களும் புகையிரதத் தொழிற்றலத்தாரும் அதனைத் தமதாக்கிக் கொண்டனர். 1923 ஏப்பிரிலில் வெம்பிளியில் நடந்த முதலாவது கிண்ண இறுதியாட்டத்தில் வெஸ்ற் ஹாம் போல்ரனிடம் 2-0 எனத் தோற்றது. அனுமதிச்சீட்டுக் கணக்கின்படி மட்டும் 126,047 பேர் வந்திருந்தனர். உண்மைத் தொகை அதனிலும் மிக அதிகம். கூட்டம் திடலினுட் புகுந்து நிறைந்துவிட்டது.

போலின் மைதானத்தின் கிழக்குப் புறத்திலிருந்த பழைய மரக் கொட்டகையைக் ‘கோழிக்கூடு’ என்று இரசிகர் அழைத்தனர். ஆட்டக்காரனுக்கும் பார்ப்பவனுக்கும் இடையே சில அடித் தூரமே இருந்தது. அருகே நின்றவன் பெரும்பாலும் பக்கத்துத் தெருக்காரன், அல்லது ஒரே துறையில் வேலை செய்தவன். வசைமொழி, நகைச்சுவை, ஆட்டத்தின் நுணுக்கம் பற்றிய கூர்மையான விமரிசனம் எல்லாம் அங்கு வாய்மொழி இலக்கியமாகவே வளர்ந்தன. 1966 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் இங்கிலாந்தின் நான்கு கோல்களையும் அடித்த ஹேர்ஸ்ற், பீற்றர்ஸ் ஆகியோரும் அணித்தலைவர் மூரும் இக்கழகத்தவர்களே.

இந்நினைவைக் கறையற்றதாகக் காட்டுவது வரலாற்றுக்குச் செய்யும் தீங்கு. 1968 ஏப்பிரிலில், குடியேறியோருக்கெதிரான ஈனொக் பவலின் பேச்சை ஆதரித்து இலண்டன் துறைமுகத் தொழிலாளர் ஊர்வலம் சென்றனர். 1889இல் உலகத் தொழிலாளரின் முன்னுதாரணமாக விளங்கிய வர்க்கத்தின் ஒரு பகுதி அது. எழுபதுகளில் இனவாதக் கட்சியினர் மைதான வாயில்களில் தம் ஏடுகளை விற்றனர். ஆனால் அதே மைதானத்தில், 1972 ஏப்பிரில் முதலாந் திகதி, கிளைட் பெஸ்ற், கிளைவ் சார்ள்ஸ், அடே கோக்கர் என மூன்று கறுப்பினத்தவர் ஒரே அணியில் ஆடினர். இங்கிலாந்தின் முதற்பிரிவில் அதுவே முதன்முறை. முரண்பாடு மைதானத்துக்கு வெளியே நிற்கவில்லை. 1981இல் அரச துறைகள் மூடப்பட்டன. பழைய குடிகளிற் பலர் முன்னரே எசெக்ஸ் புதுநகரங்களுக்குச் சென்றிருந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற வீடுகளிலும் கடைகளிலும் பஞ்சாபியர், குஜராத்தியர், வங்காளிகள் குடியேறினர். 1983இன் பின்னர் ஈஸ்ற் ஹாமில் ஈழத்தமிழர் பெருகினர். ஆட்டநாளிலே எசெக்ஸிலிருந்து வந்து ‘எமது மண்’ என்று பாடியவனுக்கும் அம்மண்ணிலே நாளாந்தம் கடை நடத்தியவனுக்கும் இடையே பேச்சு அதிகம் இருந்ததாகத் தெரியவில்லை. சீனியும் இரப்பரும் சணலும் எங்கிருந்து வந்தனவோ அங்கிருந்தே இம்மக்களும் வந்தனர் என்ற எளிய உண்மை, கைத்தொழிற் பழமை பற்றிய உரையாடல்களில் அபூர்வமாகவே தலைகாட்டுகின்றது.

1989 ஏப்பிரில் 15ஆம் திகதி செவ்வீல்டின் ஹில்ஸ்பறோ மைதானத்தில் ஏற்பட்ட நெரிசல் 97 லிவர்பூல் இரசிகரின் உயிரைக் குடித்தது. அடுத்த ஆண்டு வெளியான ரெயிலர் அறிக்கை முதன்மைக் கழகங்களின் மைதானங்கள் முழுவதும் இருக்கைகளைக் கொண்டனவாக மாறவேண்டும் என விதந்துரைத்தது. நின்று பார்க்கும் படிகள் மறைந்தன. பாதுகாப்பு தேவையான ஒன்றே. அதன் செலவை யார் ஏற்பது என்பதே பிரச்சினை. வெஸ்ற் ஹாம் நிருவாகம் 1991இல் ஒரு ‘பத்திரத் திட்டத்தை’ அறிவித்தது. ஐந்நூறு பவுண் முதல் ஆயிரம் பவுணுக்குச் சற்றுக் குறைந்த தொகை வரை செலுத்தியவருக்கே பருவச் சீட்டு வாங்கும் உரிமை. சீட்டின் விலை வேறு. பங்குதாரர் இட வேண்டிய மூலதனத்தை வாடிக்கையாளரிடம் கேட்டது இத்திட்டம். பருவம் முழுவதும் எதிர்ப்பு நிகழ்ந்தது. 1992இல் ஓர் ஆட்டத்தின் நடுவே இரசிகர் ஒருவர் மூலைக் கொடிக்கம்பைப் பிடுங்கிக்கொண்டு திடலின் நடுவட்டத்திற் போய் அமர்ந்தார். பத்திரங்கள் விலைபோகவில்லை.

இனி ஸ்ராற்போட்டை நோக்குவோம். இங்கு 1840களிலிருந்து பெரும் புகையிரதத் தொழிற்றலம் இயங்கியது. 1891 டிசெம்பரில் அதன் தொழிலாளர் ஒரு நீராவி எஞ்சினை 9 மணி 47 நிமிடத்திற் பொருத்தி முடித்தனர். (இச்சாதனையின் புகழ் கண்காணிப்பாளருக்கே சென்றது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.) 1991இல் தொழிற்றலம் முற்றாக மூடப்பட்டது, அந்நிலத்தில் 2011இல் மாபெரும் விற்பனை வளாகம் திறக்கப்பட்டது. அதன் அயலிலே ஒலிம்பிக் பூங்காவுக்காக 2007இல் நிலம் கட்டாயமாகக் கையகப்படுத்தப்பட்டபோது இருநூறளவான சிறு தொழில் நிறுவனங்கள் இடம்பெயர்ந்தன. கிளேஸ் லேன் கூட்டுறவு வீடமைப்பில் வாழ்ந்தோரும் வெளியேற்றப்பட்டனர். வெற்றுத் தரிசு என்று விளம்பரப்படுத்தப்பட்ட இடம் அது. நூற்றைம்பது ஆண்டுக் கைத்தொழிலின் எண்ணெய், தார், ஈயம் ஆகியன மண்ணில் ஊறியிருந்தமையால், பத்து இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட மண்ணைத் தோண்டிக் கழுவவேண்டியிருந்தது. அக்கழுவு நிலையங்களுக்கு ‘மண் மருத்துவமனை’ என்று பெயரிட்டனர். 1844இன் சட்டம் ஆற்றுக்கு அப்பால் தள்ளிய நஞ்சை 2008 அளவில் பொதுமக்களின் வரிப்பணம் அகற்றியது. நஞ்சை ஊற்றி ஈட்டிய இலாபம் எப்பொழுதோ வேறிடம் சென்றுவிட்டது.

இவ்வாறு சுத்திகரிக்கப்பட்ட நிலத்தின் அரங்கையே கழகம் 2013இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றது. ஆண்டு வாடகை 25 இலட்சம் பவுண். ஓட்டப்போட்டி அரங்கை உதைபந்தாட்ட அரங்காக மாற்றும் செலவு 32 கோடி 30 இலட்சம் பவுணாக உயர்ந்தது. கழகம் அதற்குக் கொடுத்தது ஒன்றரைக் கோடி. எஞ்சியதைப் பெரும்பாலும் பொதுநிதியே சுமந்தது என்பது 2017 டிசெம்பரில் இலண்டன் மேயர் வெளியிட்ட மீளாய்விலிருந்து புலனாகும். நட்டம் சமூகவுடைமை, இலாபம் தனியுடைமை என்ற பழைய வாய்பாட்டுக்கு இதனிலும் தெளிவான உதாரணம் தேடுதல் கடினம். ஆயினும் மறுபக்கத்தையும் கூறவேண்டும். பெரிய அரங்கு வந்தபின் 2016-17 பருவத்தின் மிகக் குறைந்த பருவச் சீட்டு 289 பவுணுக்குக் கிடைத்தது. முன்னர் நுழையவே இயலாதிருந்த குடும்பங்கள் சில உள்ளே வந்தன. இடமாற்றத்தை ஆதரித்த இரசிகரை ஏமாளிகள் என்று ஏளனம் செய்வோர் இதனைக் கணக்கிற் கொள்வதில்லை. அச்சலுகை இரசிகரின் உரிமையாக அன்றி நிருவாகத்தின் விருப்பமாகவே இருந்தது என்பது 2024இல் வெளிப்பட்டது. சிறுவர், முதியோருக்கான சலுகைச் சீட்டுக்கள் அரங்கின் பல பகுதிகளில் நிறுத்தப்பட்டன, மீண்டும் எதிர்ப்பு எழுந்தது.

கைவிடப்பட்ட போலின் மைதானம் வீடமைப்புக் கம்பனியொன்றுக்கு விற்கப்பட்டு, 2016இன் பிற்பகுதியிலிருந்து இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. அங்கு எண்ணூறுக்கு மேற்பட்ட வீடுகளைக்கொண்ட மாடித்தொகுதி எழுந்தது. வீட்டுப் பஞ்சம் மிக்க நியூஹாம் நகரில், ஆரம்பத் திட்டத்திலே எளியோருக்கான வீடுகளின் பங்கு மிகச் சிறிதாக இருந்தமை அயலவரிடையே ஓர் இயக்கத்தைத் தோற்றுவித்தது. இது மைதானத்தைக் காக்கும் இயக்கம் அன்று. அம்மண்ணிலே வாழும் உரிமைக்கான இயக்கம். ஆட்டநாளில் வந்துபோன இரசிகரின் விவாதமும் அங்கே குடியிருந்தோரின் விவாதமும் ஒன்றிணைந்திருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது. அவை பெரும்பாலும் தனித்தனியாகவே நடந்தன.

இடமாற்றத்தோடு சின்னமும் மாற்றப்பட்டது. போலின் மைதானத்தை நினைவூட்டிய கோட்டை நீக்கப்பட்டது. குறுக்கிட்ட சுத்தியல்கள் தனியே நின்றன. அவற்றின் கீழ் ‘இலண்டன்’ என்ற சொல் சேர்க்கப்பட்டது. உலகச் சந்தையில் அயலூரின் பெயரைவிட மாநகரின் பெயர் விலைபோகும். இதில் நுட்பமான ஒன்று உண்டு. கழகம் தன் கைத்தொழிற் பழமையை மறைக்கவில்லை. முன்னிலும் அழுத்தமாக முன்வைத்தது. தொடர்ந்து வாழ்ந்த மரபைக் குறித்த அடையாளம் அகற்றப்பட, எவரும் நேரில் அறியாத தொலைப் பழமை மெருகிடப்பட்டது. மரபுகள் புதிதாகப் புனையப்படும் முறைபற்றி ஹொப்ஸ்போமும் றேஞ்சரும் 1983இல் தொகுத்த நூல் அரச விழாக்களையே பெரிதும் கருத்திற் கொண்டது. வணிக நிறுவனங்கள் உழைப்பின் சின்னங்களையே அவ்வாறு புனைந்துகொள்ளும் காலம் அதன் பின்னர் வந்தது. தறையாணி அடித்தவனின் பேரப்பிள்ளைக்கு அவனது சுத்தியல் மேற்சட்டையில் அச்சிடப்பட்டு விற்கப்படுகின்றது.

2018 மார்ச் 10ஆம் திகதி புதிய அரங்கில் பேண்லிக் கழகத்திடம் 3-0 எனத் தோற்ற ஆட்டத்தின்போது இரசிகர் திடலிற் புகுந்தனர். ஒருவர் மூலைக் கொடிக்கம்பைப் பிடுங்கி நடுவட்டத்திற்குக் கொண்டுசென்றார். 1992இன் நினைவு அவரிடம் இருந்தது என்பதில் ஐயமில்லை. பார்த்திருந்த முதியவர்கள் உடனே அதை அடையாளங் கண்டனர். எந்தக் கம்பனியும் வடிவமைக்காத, எவரும் விற்கமுடியாத மரபு இது. வாய்மொழியாகவும் செயலாகவும் கையளிக்கப்பட்ட எதிர்ப்பின் மரபு. 2023 யூனில் பிராக் நகரில் ஐரோப்பியக் கிண்ணமொன்றைக் கழகம் வென்றபோது, 43 ஆண்டுகளின் பின் கிடைத்த அவ்வெற்றியில் இப்பிணக்குகள் சிறிது காலம் அடங்கியிருந்தன.

இரும்பாலை நின்ற இடத்தின் பெரும் பகுதியில் இன்று பார்ப்பதற்கு எதுவுமில்லை. புதிய இலண்டன் புகையிரதச் சுரங்கத்துக்காக லீ முகத்துவாரத்திலே நிலம் தோண்டப்பட்டபோது தொல்லியலாளர் ஆலையின் அத்திவாரங்களை அகழ்ந்து, அளந்து, பதிவுசெய்தனர். கனிங் ரவுண் புகையிரத நிலையத்தின் கொங்கிறீற்றுச் சுவரொன்றில் அதன் நினைவாக ஒரு கல்வெட்டுப் பொறிக்கப்பட்டுள்ளது. கம்பனியின் பெயரும் அது கட்டிய கப்பல்களும் அதிலே கூறப்படுகின்றன. 1889இன் வேலைநிறுத்தங்களுக்கு அந்நிலையத்திற் கல்வெட்டு இல்லை.